வெனிலாவுக்கு பி பாசிட்டிவ்

மசக்கை ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு விதமாக வரும். ஒருத்திக்கு வாந்தி, ஒருத்திக்கு மாங்காய், இன்னொருத்திக்கு அடுப்புச் சாம்பலின் வாசனை. வெனிலாவுக்கு வந்ததோ தூக்கம். அதுவும் பாயில் விழுந்து புரள்கிற தூக்கமில்லை. நின்றுகொண்டே, நடந்துகொண்டே, எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே பாதி மனசு மட்டும் எங்கோ மிதந்து போய்விடும். அரிசி களைவாள். பானைத் தண்ணீர் வெளுத்துக் கலங்கும். அந்த வெள்ளையைப் பார்த்தபடி நிற்கையில் அது அப்படியே விரிந்து ஏரியாகிவிடும். ஏரிக்கரையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு துணி அலசுவாள். முகம் தெரியாது. ஆனாலும் அது அம்மாதான் என்று வெனிலாவுக்குத் தெரியும். கூப்பிட வாயெடுப்பதற்குள் யாராவது தோளைத் தட்டுவார்கள்.

தட்டுகிறவள் பெரும்பாலும் மாமியார் கிளாரா. “ஏம்மே, அரிசி கஞ்சியாவுது பாரு!”

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பஸ் நின்றும் நிற்காமலும் போகிற ஓர் ஊரில் வெனிலா வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் ஆன்டனிக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை. யானை என்றதும் பயந்துவிட வேண்டாம், சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பருவத்துக்குத் தர்பூசணி, பருவத்துக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை என்று ஏற்றிக்கொண்டு ஓடுவான். நல்ல பிள்ளை. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும்.

அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகளின் நாள். வேப்பமரத்தடியிலிருந்து வராந்தா வரைக்கும் வயிறும் பையுமாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மின்விசிறி சுற்றும், காற்று வராது. மூன்றாம் மாதத்தில் வெனிலாவை அங்கே கூட்டிப்போன கிளாரா, ரத்தம் எடுக்கிற சின்னக் குழாய்களை வரிசையாக அடுக்குவதைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

“இன்னாங்க நர்சம்மா, கெடா வெட்டறாப்ல இம்மாம் ரத்தம் எடுக்கறீங்க?”

கிராம நர்சு சங்கவி சிரித்தாள். அவள் ஊர் ஊராக ஸ்கூட்டியில் சுற்றுகிறவள். எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும் என்பது வரைக்கும் அறிந்தவள். “ஒரே குத்துதாங்க. சர்க்கரை, ரத்தத்தோட அளவு, குரூப்பு, அப்பால எச்ஐவி, பால்வினை நோய், காமாலை, எல்லாத்தயும் இதுலயே பாத்துடுவோம்.”

“எச்ஐவியா? எங்கூட்டுப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு அது? நாங்கோ ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்குப் போற குடும்பம்!”

“கலெக்டரம்மா மாசமா வந்தாலும் எடுப்போம். சந்தேகப்பட்டு எடுக்கறது இல்லீங்க. எல்லாருக்கும் எடுக்கறதால யாருக்கும் வெக்கம் இல்ல பாருங்க.”

பேச்சு நடந்துகொண்டிருக்கையில் வெனிலா எங்கே இருந்தாள்? ஏரிக்கரையில் இருந்தாள். தன் ரத்தம் குழாயில் ஏறுவது, சாயங்காலச் சூரியன் தண்ணீரில் இறங்குகிற மாதிரி அவளுக்குத் தெரிந்தது. எச்ஐவி, காமாலை என்ற வார்த்தைகள் தலைக்கு மேலே கொக்குக் கூட்டம் போலப் பறந்து போயின. ஒன்றுகூட அவள் மேல் இறங்கவில்லை.

முடிவு வர நாளாயிற்று. சங்கவி அதை ஃபோனில் சொல்ல விரும்பாமல் நேரிலேயே வந்தாள். வந்த நேரம் தெருக்குழாயில் தண்ணீர் விட்ட நேரம். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். இந்தச் சேதியைக் கூட்டத்தில் போட்டு உடைக்கக் கூடாது என்பது சங்கவியின் நல்ல மனசு. வெனிலாவை ஓரமாக இழுத்து, காதோடு காதாக, தாங்கள் ஆஸ்பத்திரிக்குள் பேசிக்கொள்கிற சுருக்கமான பேச்சில் சொன்னாள்.

“ஒனக்கு பி பாசிட்டிவ்னு வந்துருக்கு கண்ணு. பயப்படாத, தெரியாம இருந்தாதான் ஆபத்து. ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்க வேணாம். ஆனா பிரசவத்துக்கு எங்க போனாலும் மொத வார்த்தையா இத சொல்லிடணும். கொழந்த பொறந்ததும் ஊசி போடணும், அதான். மழை விட்டதும் பெரிய டாக்டராண்ட நானே இட்டுகினு போறேன்.”

வெனிலா முகம் மலர்ந்துபோயிற்று. “சரிங்க சிஸ்டர்!”

இத்தனை சந்தோஷமாக இந்தச் சேதியைக் கேட்டுக்கொண்டவளைச் சங்கவி பார்த்ததே இல்லை. தைரியசாலிப் பெண் என்று நினைத்து, நெகிழ்ந்துபோய் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வெனிலாவின் சந்தோஷத்துக்குக் காரணம் வேறு. ஆன்டனி கோயில் வாலிபர் சங்கத்தோடு சேர்ந்து ரத்த தானம் செய்கிறவன். குட்டியானையின் பின்கண்ணாடியில் தன் ரத்த வகையை ஸ்டிக்கராகவே ஒட்டி வைத்திருந்தான். பி பாசிட்டிவ்.

“யம்மோவ்! வெனிலாவும் எங்குரூப்புதானாம்!” என்று அன்றைக்கு அவன் குதித்த குதியில் கூரையில் இருந்த பல்லி விழுந்தது.

கிளாராவுக்கு மட்டும் ஒரு சம்சயம். “டேய், ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்னா அண்ணன் தங்கச்சி மொற ஆயிடாதா? எதுக்கும் ஃபாதராண்ட ஒரு வார்த்த கேட்டுடு.”

“ஃபாதர் சிரிப்பாரும்மா.”

“சிரிக்கட்டும். சிரிச்சிகினே பதில் சொல்லட்டும்.”

அந்தக் கார்த்திகையில் பெய்த மழையை இந்தப் பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை. ஏரி எது, வயல் எது, வீடு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீரானது. வெனிலா கட்டிலின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்து, வீட்டுக்குள் மிதந்து போகிற சொம்பையும் செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கனவில் இருந்த ஏரி தன்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றிற்று. பயமே இல்லை. சுகாதார நிலையத்தில் குறிப்பெழுதிக் கொடுத்த தாய்மார் அட்டை நனைந்து கூழாகிப் போனதும் அப்போதுதான். தண்ணீர் வடிந்ததும் அவளுடைய அப்பா இருதயநாதன் வந்து, “சம்பந்தி, எங்கூரு மேடு. புள்ளத்தாச்சிய நான் இட்டுகினு போறேன். எப்படியும் தலைப்பிரசவம் எங்கூட்லதான” என்று கூட்டிக்கொண்டு போனார்.

சங்கவி அந்த நாட்களில் நிவாரண முகாமே கதி என்று கிடந்தாள். கொஞ்சம் ஓய்ந்ததும் முதல் வேலையாக வெனிலாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

“பெரிய டாக்டராண்ட போவணுமே கண்ணு, ஞாபகம் இருக்குதா?”

“அப்பா வூட்டுக்கு வந்துட்டேன் சிஸ்டர். இங்க ஆஸ்பத்திரில பதிஞ்சாச்சு. நீங்க சொன்னாப்லயே மொத வார்த்தையா சொல்ட்டேன், பி பாசிட்டிவ்னு.”

“சமத்து! அப்ப அவங்க பாத்துப்பாங்க” என்று சங்கவி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

பொய்யில்லை. வெனிலா சொல்லத்தான் சொன்னாள். விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருந்த அவளுடைய அப்பா ஊரில், கூட்டம் நெரிந்த ஒரு காலையில், “எனக்கு பி பாசிட்டிவ் சிஸ்டர்” என்று சொன்னாள். “சரிம்மா, டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சா?” “எடுத்தாச்சுங்க.” அங்கிருந்த நர்சு ரத்த வகை என்ற இடத்தில் அதை எழுதிக்கொண்டாள். பாருங்கள், வார்த்தை ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. அதற்குள் இருந்த சேதிதான் வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது.

இருதயநாதன் மோட்டார் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் பம்பு செட்டு படுத்துக்கொண்டாலும் அவரிடம்தான் வரும். வீட்டு முன்னறை முழுக்கத் தாமிரக் கம்பியும் வார்னிஷ் வாசனையுமாக இருக்கும். மனைவி பாஞ்சாலி போன பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளாதவர். மகளின் வளைகாப்புக்குத் தானே ஏழு விதச் சோறு கிளறி, அதில் தயிர்ச்சோறும் மோர்ச்சோறும் இரண்டு விதம் என்று கணக்குக் காட்டியவர்.

“பாசிட்டிவ்னா கரண்டு ஓடற ஒயருடா பாப்பா. தொட்டா தூக்கியடிக்கும்” என்று மகளைச் சீண்டுவார். அவள் சிரித்துக்கொண்டே சுவரில் சாய்வாள். காயில் சுற்றுகிற சக்கரத்தின் ர்ர்ர் சத்தம் தாலாட்டாகிவிடும். ஏரி வரும். அம்மா முதுகு தெரியும். வயிற்றுக்குள் குழந்தை, தண்ணீருக்கடியில் மீன் திரும்புகிற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பும்.

அம்மா போனபோது வெனிலா ஐந்தாம் வகுப்பு. ஞாபகத்தில் இருப்பது கொஞ்சம்தான். அம்மாவின் வயிறு பெருத்திருந்தது, கண்கள் மஞ்சளாக இருந்தன, தெருவில் ஒருத்தி, “பாஞ்சாலி, எத்தினி மாசம்?” என்று கேட்க, அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போனாள். அவ்வளவுதான்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் முண்டியம்பாக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். இருதயநாதன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளை ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனார். பிரசவத்துக்கு முன்னால் ரத்த வகையை அவர்கள் கையாலேயே ஒரு தடவை பார்த்துவிடுவது அங்கே வழக்கம். பார்த்தார்கள். சன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல், “வெனிலா, ஓ பாசிட்டிவ்” என்றது.

“எனக்கு இல்லீங்க. எனக்கு பி பாசிட்டிவ்.”

“வெனிலான்னு இங்க ஒருத்திதாம்மா. ஐஸ்கிரீம் கடையிலதான் ரெண்டாவது ஆளு இருக்கும்.”

“திண்டிவனத்துலயே பாத்துட்டாங்கண்ணா. பி-தான். எங்கூட்டுக்காரருக்கும் பி-தான்.”

“நான் இன்னா ஒன்னோட ரத்தத்த மாத்தியா வெச்சிருக்கேன்? வேணும்னா இன்னொரு வாட்டி குத்தறேன், குடு.” குத்தினார். கண்ணாடித் தகட்டில் சொட்டு விட்டு, மருந்து கலந்து, அவள் கண்ணெதிரிலேயே ஆட்டிக் காட்டினார். “பாத்துக்க. ஓ. சாவற வரைக்கும் மனுசனுக்கு ஒரே குரூப்புதாம்மா. சட்டையா, மாத்திக்க?”

வெனிலா வெளியே வந்து புங்கமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பா டீ வாங்கப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் ஒன்று சத்தமில்லாமல் மெதுவாகத் திரும்பிற்று. ரத்தம் ஓ. அப்படியென்றால் சங்கவி காதோடு சொன்ன பி எது? ஊரெல்லாம் சொல்ல வேண்டாம் என்று ரத்த வகையை யாராவது ஒளித்து வைப்பார்களா? பயப்படாதே என்று எதற்குச் சொன்னாள்? இத்தனை மாதமாகப் பஞ்சுபோல் அவளைச் சுற்றியிருந்த மயக்கத்தில் ஒரு குளிர்ந்த காற்று புகுந்தது. ஃபோனை எடுத்தாள்.

“சிஸ்டர், நீங்க சொன்னது எந்த பி?”

அந்தப் பக்கம் ஸ்கூட்டி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“எந்த பி-ன்னா? காமாலை பி-மா. ஹெபடைட்டிஸ் பி. கல்லீரல்ல தங்கற கிருமி. ஏன் கண்ணு, நீ…” என்று இழுத்த சங்கவிக்கு அப்போதுதான் குழாயடியில் பார்த்த அந்த மலர்ந்த முகத்தின் அர்த்தம் புரிந்தது. “அய்யோ. நீ குரூப்புன்னு நெனச்சிகினியா? அய்யோ கண்ணு, நான் முழுசா சொல்லியிருக்கணும். இப்ப எங்க கீற? பெரிய ஆஸ்பத்திரிலயா? அங்கியே இரு. நவுராத. டாக்டராண்ட ஃபோனக் குடு, நான் பேசறேன்.”

டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இருந்தது. கிருமியின் வேகத்தை அடக்க அன்றைக்கே மாத்திரை தொடங்கினார்கள்.

“கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்மா. பரவால்ல, முக்கியமான வேலை இனிமேதான் இருக்கு. இது தாய்கிட்டேருந்து புள்ளைக்குப் போறது பெரும்பாலும் பிரசவ நேரத்துலதான். பொறந்த கையோட ஒரு தொடையில தடுப்பூசி, இன்னொரு தொடையில வேற ஒரு ஊசி, ரெண்டும் போட்டுட்டா அனேகமா தப்பிச்சிடும்.”

“போடாம உட்டா டாக்டர்?”

“சின்ன வயசுல ஒட்டிக்கிட்டா போகாது. சத்தமில்லாம உள்ளயே இருக்கும். ரொம்ப வருஷம் கழிச்சு கல்லீரலக் கெடுக்கும்.” டாக்டர் அவளைப் பார்த்தார். “உங்க வீட்டுல யாருக்காவது காமாலை, வயித்துல நீர் கட்டறது…?”

வெனிலா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கதவோரம் நின்றிருந்த இருதயநாதன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

இருதயநாதன் வீட்டுக்கு வந்து, காயில் சுற்றுகிற சக்கரத்தின் முன்னால் வெறுமனே உட்கார்ந்து, பிறகு சொன்னார்.

“ஒங்கம்மாவ எங்கெங்கியோ இட்டுகினு போனேன் பாப்பா. பச்சில குடுத்தாங்கோ. மந்திரிச்சாங்கோ. கடைசில மெட்ராஸ்ல ஒரு டாக்டரு, ‘ரொம்ப வருசமா உள்ளயே இருந்துருக்குப்பா’ன்னாரு. எது இருந்துச்சுன்னு எனக்கு அப்ப வெளங்கல.” தாமிரக் கம்பியை விரலில் சுற்றினார், பிரித்தார். “கல்யாணத்துக்குக் கோயில்ல அவளுக்கு வேற பேரு வெச்சாங்கோ. நான் பாஞ்சாலின்னுதான் கூப்புடுவேன். நீ பொறந்தப்ப, ‘என் கண்ணு, என் மூக்கு, எல்லாத்தயும் எடுத்துகினா பாரு’ன்னு அம்மாம் சந்தோசம் அவளுக்கு.”

அன்றைக்கு மத்தியானம் வெனிலா கண்ணை மூடினாள். ஏரி வந்தது. துணி அலசிக்கொண்டிருந்த பெண் இந்த முறை திரும்பினாள். அழகான முகம். வெனிலாவின் அதே கண்கள், அதே மூக்கு. அவள் கையில் ஒரு முடிச்சு இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம் போல அதை மகளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏரியில் வீசியிருப்பாள். வெனிலா அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, அம்மா, இது என்னோட நிக்கட்டும் என்றாள். சத்தமாகவே சொன்னாள் போலிருக்கிறது. “இன்னா பாப்பா?” என்று முன்னறையிலிருந்து அப்பா கேட்டார்.

ஆன்டனிக்கு ஃபோனில் சொன்னாள். அவன் முதலில் கேட்டது இது: “அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே குரூப்பு இல்லியா?”

வெனிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுத்த நாளே சங்கவி அவனைப் பிடித்துச் சோதித்தாள். அவனிடம் கிருமி இல்லை. அவனுக்கும் தடுப்பூசி தொடங்கியாயிற்று.

“அத்தைக்கு மட்டும் சொல்லாதீங்க” என்றாள் வெனிலா ஃபோனில். “அவங்க காதுல போட்டா மாதா கோயில் மைக்ல போட்டாப்ல. அப்பால எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளரு ஆயிடும். புள்ளயக்கூட ஒருத்தரும் தூக்க மாட்டாங்கோ.”

“எங்கம்மா அப்படிலாம்…” என்று தொடங்கிய ஆன்டனி, “சரி, சொல்லல” என்று முடித்தான்.

மாசி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் வலி வந்தது. இருதயநாதன் பாதி சுற்றிய மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார். அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் குட்டியானையும் வந்து நின்றது. கிளாரா குதித்து இறங்கி, “ஜல்தி ஜல்தி” என்று யாரையோ அதட்டிக்கொண்டே வந்து மருமகளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். விடாத பிடி.

பிரசவ வார்டின் வாசலில் அன்றைக்கு இருந்த நர்சு புதியவள். அந்த டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். ஊர்பட்ட கூட்டம்.

“பேரு? எத்தனையாவது பிரசவம்? வேற ஏதாவது பிரச்சனை இருக்காம்மா?”

பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அட்டையைப் புரட்டினால் அவர்களுக்கே தெரியும்தான். ஆனால் ஒரு தடவை வழியில் இறங்கிப்போன சேதியை மறுபடி எதை நம்பியும் அனுப்ப வெனிலாவுக்கு மனமில்லை. தன் வாயாலேயே சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இப்போது வாயைத் திறந்தாள். தோளில் மாமியாரின் கை கனத்தது. காதுக்குப் பக்கத்தில் மாமியாரின் மூச்சு.

“ஒன்னும் இல்லீங்க, தங்கமான ஒடம்பு” என்றாள் கிளாரா.

வலி எழுந்தது. கரையை மூழ்கடிக்க வருகிற தண்ணீர் மாதிரி மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் நின்று, மெல்ல இறங்கிற்று. இறங்கும்போது வெனிலாவின் மனசில் வேறு எதுவும் மிச்சமில்லை. தட்டு இல்லை, டம்ளர் இல்லை, ஊர் இல்லை. உள்ளே இருக்கிறது மட்டும் இருந்தது.

“சிஸ்டர், எனக்கு பி…” என்று தொடங்கி நிறுத்தினாள். அந்த ஒற்றை எழுத்தை இனி நம்ப முடியாது. “எனக்குக் காமாலைக் கிருமி இருக்குது. ரத்தத்துல. ஹெபடைட்டிஸ் பி. குரூப்பு இல்ல சிஸ்டர், நோயி. புள்ள பொறந்ததும் ரெண்டு தொடையிலயும் ஊசி போடணும். ரெண்டு ஊசி.”

தோளில் இருந்த கை தளர்ந்தது. திரும்பிப் பார்க்க வெனிலாவுக்குத் தைரியமில்லை. நர்சு தலையாட்டி, குறித்துக்கொண்டு, அவளை உள்ளே அழைத்துப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. வெளிச்சம் ஒன்று, வலி ஒன்று, நடுவில் சின்னச் சின்ன உறக்கங்கள். அந்த உறக்கங்களில் அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். யாரோ தலையைக் கோதினார்கள். “இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்” என்றார்கள். எல்லாம் தூரத்தில் நடந்தது. பிறகு அந்தத் தூரத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. கதவுக்கு வெளியேயிருந்து.

“நர்சம்மா! காமாலை ஊசி எடுத்து வெச்சாச்சா?”

வெனிலா கண்ணைத் திறந்தாள்.

“தோ, தம்பி, வெள்ளக் கோட்டு! நீ டாக்டரா? எம்மருமகளுக்குக் காமாலைக் கிருமி. புள்ளைக்கு ரெண்டு ஊசி. உள்ள சொல்லிடு. ஏம்மா, நீ பெருக்க உள்ள போறியா? நீயும் சொல்லு. ரெண்டு ஊசி!”

“சம்பந்தியம்மா, கொஞ்சம் மெதுவா. எல்லாரும் பாக்கறாங்கோ” என்று இருதயநாதன் கெஞ்சுவது கேட்டது.

“மெதுவா சொல்லித்தானே இம்மாம் பேஜாரு ஆயிருக்குது! ஆன்டனி எல்லாத்தயும் இப்ப சொல்லிட்டான். பாக்கறவன் பாக்கட்டும். என் பேரப்புள்ளைக்கு ஊசி போடலன்னா இந்த எடத்த உட்டு நவுரமாட்டேன்!”

உள்ளே இருந்த நர்சு சிரித்துவிட்டாள். “யாரும்மா அது, ஒன்னோட மாமியாரா? ஆறு வார்டுக்கும் கேக்கும் போல இருக்கே.”

“எங்க அத்தைங்க” என்றாள் வெனிலா. அந்த வேதனையிலும் அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

பெண் குழந்தை. ஈரமும் சுருக்கமுமாக, உலகத்தின் மேல் பெரிய கோபத்தோடு வந்தது. துடைத்தார்கள். எடை பார்த்தார்கள். ஒரு தொடையில் தடுப்பூசி போட்டார்கள், வீறிட்டது. இன்னொரு ஊசி மருந்து, குளிர்பெட்டி இருக்கிற வேறொரு கட்டடத்திலிருந்து வர வேண்டும். ஆள் போயிருந்தது. அந்தக் கொஞ்ச நேரந்தான் வெனிலாவுக்கு மிக நீளமான நேரம். சன்னல் வழியே வெயில் ஒரு கட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. அது நகர்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை தானாக மூடும், பயந்து திறப்பாள். குழந்தை பக்கத்துத் தொட்டிலில் விசும்பிக்கொண்டிருந்தது. அது அவளுடைய குழந்தை. ஆனாலும் இன்னும் பாதி, கனவில் அம்மா நீட்டிய அந்த முடிச்சின் பக்கத்தில் இருந்தது. தொடலாமா, கூடாதா என்று கை தயங்கிற்று.

வராந்தாவில் தடதடவென்று ஓடுகிற சத்தம். “வழி உடுங்க, வழி உடுங்க, என் பொண்ணுக்கு மருந்து!” ஆன்டனியின் குரல். மருந்தைக் கொண்டுவந்த ஊழியருக்கு முன்னால் ஓடிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

நர்சு சின்னக் குப்பியை ஆட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊசியில் ஏற்றினாள். “இதோ பாரு வெனிலா, ஒன் கண்ணு முன்னாலயே போடறேன். அப்பறம் சந்தேகம் வரக் கூடாது.”

குழந்தை ஒரு கணம் மூச்சை அடக்கிற்று. முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. பிறகு கத்திற்று பாருங்கள், அப்படியொரு கத்தல். வெளியே கிளாரா, “போட்டாச்சு! போட்டாச்சுடா!” என்று கூவியதும் அந்தக் கத்தலில் அமுங்கிப் போயிற்று.

“இன்னும் மிச்சத் தவணை ஊசிங்க இருக்கு. ஒரு வயசு ஆகறப்ப ஒரு டெஸ்ட்டு எடுத்துப் பாக்கணும். அதுல இல்லன்னு வந்துட்டா முழுசா நிம்மதி” என்றாள் நர்சு.

“எடுத்துடலாங்க” என்றாள் வெனிலா. பிறகு, கேட்கவே பயந்து பயந்து கேட்டாள். “சிஸ்டர், நான் பால் குடுக்கலாமா?”

“தாராளமா குடு. ரெண்டு ஊசியும் போட்டாச்சு. ஒன்னோட பாலு அவளுக்கு நல்லதுதான்.”

நர்சு குழந்தையை எடுத்து வெனிலாவின் மார்போடு வைத்தாள். இரண்டு தொடையிலும் துளித் துளிப் பஞ்சு ஒட்டியிருந்தது. அழுத அழுகையில் தேம்பல் இன்னும் நிற்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, வாயைக் கோணிக்கோணித் தேடிற்று. கிடைத்ததும் ஒரு தேம்பல், ஒரு உறிஞ்சல், மறுபடி ஒரு தேம்பல். வர வர தேம்பல் குறைந்துகொண்டே போய், கடைசியில் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வெனிலா அசையாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.